பெரியவனின் சட்டை

"வந்துட்டியா பெரியவனே? ஏன்டா இவ்வளவு லேட்டு?"

கதவைத் திறந்த அம்மா அவன் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். வாசலில் நின்றவன் திகைத்துப் போனான். பிறகு, "பஸ் கெடைக்கலம்மா" என்றான்.

அவன் பஸ்ஸில் வரவில்லை. சிறை வண்டியில் வந்திருந்தான். அவன் பெரியவனும் இல்லை. பெரியவன் செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. இதே வீட்டு மாடிப்படியில், ஒரு சண்டைக்கு நடுவில், பதினோராவது படியிலிருந்து அவனைத் தள்ளிவிட்டவன் சின்னவன். இரண்டு மணி நேர அனுமதியில் இப்போது வாசலில் நிற்பவன் அந்தச் சின்னவன்தான்.

"உள்ள வா, நிக்காதே. நீயும் வாம்மா" என்று கூட வந்திருந்த சிறை ஆலோசகரையும் அழைத்துவிட்டு அம்மா உள்ளே போனாள்.

இந்தச் சந்திப்புக்காக ஆறு வாரம் சிறை நூலகத்தில் ஒத்திகை நடந்திருந்தது. ஆலோசகரே அம்மாவாக உட்காருவார். ஒரு வாரம் வாய்க்கு வந்தபடி திட்டுவார். ஒரு வாரம் வாயே திறக்க மாட்டார். "மேடம், நெசமாவே அடிச்சிடாதீங்க, அப்புறம் நான்தான் ரிப்போர்ட் எழுதணும்" என்று சொல்லிக் காவலர்கூடச் சிரித்துவிட்டார்.

ஒத்திகைக்கு ஒரே விதி: அம்மா என்ன கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது. ஒவ்வொரு முறையும் அவன் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொள்வான். எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் அவனுக்கு அந்தக் கைதான். தள்ளியதும் அந்தக் கைதான்.

இப்படியொரு வரவேற்புக்கு மட்டும் அவர்கள் ஒத்திகை பார்க்கவில்லை.

"சாயந்தரமானா பெரிய பையன்கூடப் பேசிட்டே இருக்காங்கன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க" என்று ஆலோசகர் கிசுகிசுத்தார். "ஞாபகம் இவ்வளவு தப்பியிருக்கும்னு நான் நெனைக்கல."

"நான் என்ன மேடம் செய்யட்டும்?"



அதற்குள் அம்மா ஒரு நீலச் சட்டையோடு வந்தாள். "அந்த அழுக்கைக் கழட்டிட்டு இதைப் போட்டுக்கோ."

அந்துருண்டை வாசனை அடித்தது. மேல் பட்டன் இல்லை. கடைசிச் சண்டைக்கு முந்தின சண்டையில் அதைப் பிய்த்தவன் அவன்தான். போட்டுப் பார்த்தான். அளவு அப்படியே பொருந்தியது. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

அம்மா டீ கொண்டுவந்து அவனுக்கு இடப்பக்கமாக வைத்தாள். அவன் இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் நுழைத்துக்கொண்டு, வலது கையை நீட்டி எட்டி எடுத்தான். கொஞ்சம் சிந்தியது.

"பாத்துடா பெரியவனே."

மாடியில் ஏதோ சத்தம். ஒரு காலடி போல. சற்று விட்டு இன்னொன்று. வீட்டில் வேறு யாரும் இல்லை. அவன் டம்ளரை இறுகப் பிடித்துக்கொண்டு மாடிப்படியைப் பார்த்தான்.

"ஜன்னல் கொக்கி போயிடுச்சு. காத்துக்கு அடிக்குது" என்றாள் அம்மா.

ஆலோசகர் பையிலிருந்து படிவத்தை எடுத்தார். சின்னவனை வீட்டில் சேர்த்துக்கொள்ளச் சம்மதம் என்று அம்மா கையெழுத்துப் போட்டால் அடுத்த மாதம் விடுதலை. போடாவிட்டால் இன்னும் ஐந்து வருஷம்.

"அம்மா, உங்க சின்ன மகன் விஷயமா..."

"அதை ஏம்மா என்கிட்ட கேக்குறே? விழுந்தவன் இவன்தானே, இவனைக் கேளு." அம்மா அவனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். "நீ சொல்லுடா பெரியவனே. உன் தம்பியை வீட்டுக்குள்ள விடலாமா? நீ சரின்னா இப்பவே கையெழுத்துப் போடறேன்."

ஒரு வார்த்தை போதும். செத்தவனின் சட்டைக்குள் உட்கார்ந்துகொண்டு, செத்தவனின் சார்பில், தன்னைத் தானே மன்னித்துவிடலாம். அம்மாவுக்கும் தெரியப்போவதில்லை. அவன் ஆலோசகரைப் பார்த்தான். ஒத்திகையில் விதி சொன்ன ஆலோசகர் இப்போது படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று தலையசைக்கவில்லை.

மாடியில் மறுபடியும் அந்தச் சத்தம்.

அவன் பைக்குள்ளிருந்து இடது கையை எடுத்தான். அந்தக் கையாலேயே பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். சட்டையை மடித்து மேசை மேல் வைத்தான்.

"அதை அண்ணன்தாம்மா சொல்லணும். அண்ணன் இல்ல. நான் சின்னவன். நான்தான் தள்ளினேன்."

அம்மா சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பட்டன் இல்லாத இடத்தைக் கட்டை விரலால் வெகுநேரம் தடவினாள்.

பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படிவத்தை இழுத்து, ஒரு வரி விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

"அம்மா..." ஆலோசகர் தடுமாறினார். "இவர் யாருன்னு உங்களுக்கு..."

அம்மா பேனாவை மூடிவிட்டு, வெறும் பனியனோடு உட்கார்ந்திருந்தவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"டீயை உன் இடது கைப்பக்கம்தானேடா வச்சேன், சின்னவனே."