தலைவருக்கு எதிராக ஒரு பெயர்

கோலா சிலாங்கூர் நகர வரலாற்றுக் காட்சியகத்தின் 1986ஆம் ஆண்டுக் கூட்டம் நடக்கிறது. எனக்கு உள்ளே வேலையில்லை. கிளாங் பஸ்சுக்காகச் சன்னலோரம் நிற்கிறேன். இரண்டு பஸ் போய்விட்டது. ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த தலைவர் சிவானந்தம் நுழைந்ததும், காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடக் காத்திருப்பவர்கள்போல எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். பால்மரம் சீவியவர் மகள் புஷ்பவள்ளி மட்டும் எழவில்லை. மாலை வெயில் கண்ணாடிப் பெட்டிக்குள் தோட்டத் துரையின் தேநீர்க் கோப்பைகளில் பளிச்சிடுகிறது. லயத்துக் கூலி ஜனங்களின் பால்வாளிகளோ பின்னறையில் சாக்குக்குள் கிடக்கின்றன.

“இந்தத் தடவையும் நானே தலைவர். ஆட்சேபணை இல்லியே?”

“இருக்கு, கிராணி ஐயா. நானும் நிக்கிறேன். ஜெயிச்சா வாளிங்க முன்னுக்கு வரும்.”

காற்றாடி கிறீச்சிடுகிறது. “நில்லுலா. உன்னை யாரு முன்மொழியறது?” என்று சிவானந்தம் சிரிக்கிறார். எல்லோரும் தரையைப் பார்க்கிறார்கள். புஷ்பவள்ளி அவரையே பார்க்கிறாள். கடைசி வரிசையில் வளையல் குலுங்க ஒரு கை உயர்கிறது. அவருடைய சம்சாரம் லீலாவதி!

“நான்தாங்க. எங்கப்பாவும் வாளி தூக்கினவருதான். எழுதிக்குங்க.”

சிவானந்தம் பேனா மூடியைத் திருகுகிறார், திருகுகிறார், திறந்தபாடில்லை.