ஊதுவாய் இல்லாத டிராம்போன்

கான்சாஸ் சிட்டியில் எங்கள் தெருவின் பழைய முடிதிருத்தும் கடைதான் இப்போது ஜாஸ் அருங்காட்சியகம். காலை வெயில் கண்ணாடிப் பெட்டிக்குள் சாய்ந்து விழுந்து அப்பாவின் டிராம்போனை மினுக்குகிறது. உதடு பதிக்கும் ஊதுவாய் மட்டும் இல்லை. அந்த ஓட்டை என்னையே பார்க்கிறது. அடியில் ஒரு சீட்டு: 'இதன் ஊதுவாய் காணவில்லை. ஊர்மக்கள் தேடித் தந்து உதவ வேண்டும்.' எழுதியவர் ஓடெல், அப்பாவோடு டிரம் வாசித்தவர். கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே பேசுகிறார். "சிகாகோ கச்சேரிக்குக் கெளம்புன பஸ்ஸு ஒங்க வாசல்ல அரை மணி நேரம் நின்னுச்சு, வெர்லீன். ஒங்கப்பன் வீட்டையே கவுத்துப் போட்டுத் தேடுறான். கடைசில வேற ஆள ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. அப்புறம் சாகுற வரைக்கும் கறி வெட்டுற தொழிற்சாலைலதான் வேல. எந்தப் பய எடுத்தானோ!"

அந்த பஸ் நின்ற அன்று எனக்கு ஒன்பதாவது பிறந்தநாள். கேக் வெட்டும்போது அப்பா பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. இப்போது கோட்டுப் பைக்குள் இறுகியிருந்த விரல்களைப் பிரித்து அந்த ஊதுவாயை நீட்டுகிறேன். "பரண்ல கெடந்துச்சு மாமா. நேத்துத்தான் பாத்தேன்." துணி நின்றுவிடுகிறது. ஓடெல் அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "வெள்ளி கொஞ்சங்கூடக் கறுக்கலையே" என்று முனகுகிறார். பிறகு உள்ளங்கைக்குள் மூடிக்கொள்கிறார். "ஒங்கப்பன் இதப் பையில வச்சுச் சூடாக்கிட்டுத்தான் மேடை ஏறுவான். இத்தன வருஷமும் நீ ஆறவே விடல போல, கண்ணு."