மைனஸ் ஏழு

மங்கிஸ்தாவ் எண்ணெய்க் குழாய் நிலையத்தில் மீட்டரைச் சோதிக்க வந்திருந்தார், நாற்பது நிலையங்களைச் சுற்றும் செரிக்பாய். திரையைப் பார்த்ததும் நிலைய ஊழியை குல்சிமிடம் கத்தினார்.

"குல்சிம், வால்வை முழுசா மூடினியாம்மா? பூஜ்யம் காட்டணும். மைனஸ் ஏழுங்குது!"

"போன மாசம்தான் புது வால்வு போட்டாங்கண்ணே. சொட்டுகூடக் கசியாது."

"அப்போ முன்னாடி பூஜ்யம் வச்சவன் மடையன். பழைய வால்வு மூடியும் உள்ளுக்குள்ள கசிஞ்சிருக்கு. ஓடுற எண்ணெயையே பூஜ்யம்னு மீட்டருக்குச் சொல்லிட்டான். அன்னியிலேருந்து மணிக்கு ஏழு டன் குறைச்சே காட்டியிருக்கு."

"அப்போ அந்த ஏழு டன்னை யாரும் திருடலையா?"

"எவன் திருடினான்? எல்லாம் ஒழுங்காத்தான் வந்து சேர்ந்திருக்கு."

"இதை அப்படியே எழுதிக் குடுங்கண்ணே. அதைத் திருடினார்னுதான் என் வீட்டுக்காரரை ஜெயில்ல வச்சிருக்காங்க."

செரிக்பாய் பதறிப்போய்ப் பேனாவை எடுத்தார். "அந்த மடையன் பேரு என்னம்மா?"

மீட்டர் பெட்டியில் செருகியிருந்த பழைய சான்றிதழை உருவி நீட்டினாள் குல்சிம். கீழே இருந்த கையெழுத்து செரிக்பாயுடையது.

பேனா சட்டைப்பைக்குத் திரும்பியது. அவர் விரல் மீட்டரின் பொத்தானை அழுத்தியது. மைனஸ் ஏழு மறைந்து பூஜ்யம் வந்தது.

"எந்த ஏழும்மா? சரியாத்தானே காட்டுது!"