மடக்குக் கத்தியின் வளைவு

அந்தச் சமையல்கட்டில் சாணைக்கல் வைத்ததுதான் சட்டம். நேரான கத்திகள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு அதன் முதுகில் படுத்துத் தேய்ந்துவிட்டுப் போகும். ஒருநாள் தோட்டத்தில் கிளை அறுக்கும் மடக்குக் கத்தி மழுங்கிப்போய் வந்தது. பருந்து மூக்கைப்போல உள்பக்கமாக வளைந்த கத்தி அது.

"நல்லா ஒட்டிப் படு," என்றது கல்.

கத்தி படுத்துப் பார்த்தது. நுனி பட்டது, அடி பட்டது, நடுவில் மட்டும் படவே இல்லை.

"கோளாறு உன் வளைவுலதான். தேய்ச்சு நேராக்கிடறேன்."

"மழுக்கத்தை எடுக்கத்தான் வந்தேன். வளைவை எடுக்க நீ யாரு?" படக்கென்று மடங்கிப் பிடிக்குள் புகுந்துகொண்டது கத்தி.

"அப்போ மழுங்கியே கிட!"

அலமாரியில் கவிழ்ந்திருந்த பீங்கான் கோப்பை கூப்பிட்டது. "இங்கே வா தம்பி. என் அடி விளிம்பு வட்டமா, சொரசொரப்பா இருக்கு. உரசிப் பாரேன்."

கத்தி விரிந்து உரசியது. வளைவு முழுக்க விளிம்பு பட்டது. கொஞ்ச நேரத்தில் கூர் பளபளத்தது.

"என்ன இருந்தாலும் நீ கோணல்தான்," என்றது கல்.

"ஆமா, கோணல்தான். நேரானவங்க தேய்ச்சுத் தேய்ச்சு உன் முதுகுல பறிச்ச பள்ளத்தை முதல்ல பாரு."

சொல்லிவிட்டு, மடங்காமலே தோட்டத்துக்குப் போனது கத்தி.