முதுகில் எழுதிய பெயர்

“குல்லாவைக் கழட்டாத கண்ணு, வெயில் சுள்ளுன்னு அடிக்குது” என்று சொல்லி, அதைப் பையனின் காது வரைக்கும் இழுத்துவிட்டாள் மகா. குல்லாவுக்குள்ளே பொட்டு முடி கிடையாது.

பிரேசர் டவுனில் அந்தப் பள்ளி மைதானம் பலூனும் பந்தலுமாகக் களை கட்டியிருந்தது. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய் பற்றிய ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட, நாற்பது பேர் விடியற்காலையில் மைசூரிலிருந்து கிளம்பி சைக்கிள் மிதித்து வந்துகொண்டிருந்தார்கள்.

ஒவ்வொருவர் முதுகிலும் சிகிச்சையில் இருக்கும் ஒரு குழந்தையின் பெயர் எழுதிய துணி. அந்தக் குழந்தை இங்கே காத்திருந்து, தன் பெயரைச் சுமந்து வந்தவர் கழுத்தில் பதக்கம் போட வேண்டும். அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்கள். ஏற்பாடு அப்படி.

ஏற்பாட்டாளர்களில் ஒருத்தியான வீணா, கையில் பட்டியலோடு வந்தாள்.

“இவன்தான் ராகேஷா? லிஸ்ட்ல பேரை மட்டும்தான் பார்த்திருக்கேன். சேர் போடச் சொல்லட்டுமா?”

மகா தலையாட்டினாள். “சேரெல்லாம் வேணாம் மேடம், நிப்பான்.”

“நீங்க வந்ததே போதும். இவன் பேரைச் சுமந்து வர்ற சுந்தரராமன் சார் காலையிலகூட போன்ல, பையன் வருவானான்னுதான் கேட்டார். ‘என் ராசி சரியில்லம்மா. நான் பேரைச் சுமந்தாலே குழந்தைங்க போயிடறா. இந்தப் பையனும் வரலைன்னா இனிமே சைக்கிளைத் தொடமாட்டேன்’னு ஒரே புலம்பல்.”

அந்தக் கதை மகாவுக்குத் தெரியும். போன வாரம் வீணாதான் போனில் சொன்னாள். சுந்தரராமனின் ஒரே மகளை இருபது வருஷத்துக்கு முன்னால் ரத்தப் புற்றுநோய் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து மனிதர் இந்த நிதிக்காக ஊர் ஊராக மிதிக்கிறார். ஆனால் போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் அவர் வந்து சேர்ந்தபோது, பதக்கம் போட வேண்டிய பிள்ளை உயிரோடு இல்லை.

“நான் கூட்டினு வரேன் மேடம்” என்று அந்த போனிலேயே மகா வாக்குக் கொடுத்துவிட்டாள். தொம்மலூரில் ஓர் ஆபீசில் தரை துடைக்கும் வேலை அவளுக்கு. அரை நாள் லீவுக்காகச் சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடித்தான் வந்திருந்தாள்.

சோப்பு நுரையில் யாரோ குமிழி ஊதினார்கள். பையன் அவள் கையை உதறிவிட்டு ஓடினான்.

“டேய், ஓடாத! மெதுவா நட!” என்று பதறிப்போய் அவனைப் பிடித்து நிறுத்தினாள். “இன்னும் ஸ்வல்ப நேரம்தான் கண்ணு. அந்த அங்கிள் வந்ததும் போயிடலாம்.” பையன் உம்மென்று நின்றான்.

மூன்று மணிக்குச் சைக்கிள்கள் வர ஆரம்பித்தன. “பன்னி, பன்னி!” என்று, ‘வாங்க வாங்க’ என்பதைக் கூட்டம் கன்னடத்தில் கூவி வரவேற்றது. பிள்ளைகள் எக்கி எக்கிப் பதக்கம் போட்டார்கள். முப்பத்தொன்பது பேர் வந்தாகிவிட்டது, சுந்தரராமனைக் காணோம். மைசூர் ரோடு டிராபிக் யாரைத்தான் விட்டது என்று சிலர் சமாதானம் சொன்னார்கள்.

வீணா ஓடிவந்தாள். “சார் வந்துட்டார். ஆனா கேட்டுக்கு வெளியவே நிக்கிறார். உள்ள வர பயமா இருக்காம்.”

மகா யோசிக்கவே இல்லை. பையனை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

நரைத்த தாடியும் வியர்வையுமாக, சைக்கிளைப் பிடித்தபடி தலைகுனிந்து நின்றிருந்தார் சுந்தரராமன். அறுபது வயது மனிதர், பரீட்சை முடிவுக்குப் பயந்த பிள்ளை மாதிரி இருந்தார்.

பையன் பதக்கத்தைத் தூக்கிப் பிடித்தபடி அவர் முன்னால் போய் நின்றான். “அங்கிள், குனிங்க.”

அவர் நிமிர்ந்தார். “நீ... நீதான் ராகேஷா?”

பையன் மகாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு தலையாட்டினான்.

சைக்கிள் தடாலென்று சாய்ந்தது. அவர் மண்டியிட்டுப் பதக்கத்தை வாங்கிக்கொண்டார். குல்லாவை மெல்லக் கழற்றி அந்த மழுமழு தலையில் முத்தமிட்டார்.

“சந்தன வாசனை வருதே!”

“மருந்து சூடு சார்” என்றாள் மகா அவசரமாக. “குளிர்ச்சிக்குத் தடவுனேன்.”

“நன்னா தடவும்மா, நன்னா தடவு” என்றவர் அப்படியே உடைந்து அழுதார். போகிற வருகிற ஆட்டோக்காரர்கள்கூட வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். “வந்துட்டியேடா ராஜா! என் ராசி ஒண்ணும் பண்ணலை. அடுத்த வருஷமும் மிதிப்பேன், கால் இருக்கிற வரைக்கும் மிதிப்பேன்.”

“மிதிங்க சார். உங்க ராசி மேல ஒரு தப்பும் இல்ல” என்றாள் மகா. குரல் உடையாமல் அதைச் சொல்லி முடிக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

வீணா அவரைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப்போனாள். மைதானத்தில் கைதட்டல் எழுந்தது.

அது அடங்கும்வரை மகா அசையவில்லை. பிறகு நடைபாதை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

பையன் மிரண்டுபோய் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான்.

“பெரியம்மா, ராகேஷ் செத்துப்போனதை நான் சொல்லவே இல்லியே, அப்புறம் ஏன் அழுவுறே?”