செங்கல் சிவப்பு

"டீச்சர், நீங்க வெளிய இருங்க. கூப்பிட்டா மட்டும் வந்தா போதும்."

நாசரேத்திலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் பாண்டியராஜ் இப்படிச் சொன்னதும், கெமிஸ்ட்ரி டீச்சர் ஈவாஞ்சலினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிளஸ் டூ பிராக்டிகல் அன்றைக்கு, சொந்த லேபிலிருந்தே துரத்துகிறாரே!

அந்தப் பள்ளியில் வருசா வருசம் நடப்பது வேறு. வருகிற எக்ஸாமினருக்கு நல்ல சாப்பாடு. உள்ளே டீச்சர் மேசை மேசையாகப் போய், என்ன நிறம் வரும், என்ன எழுத வேண்டும் என்று பிள்ளைகள் காதில் போட்டுவிடுவார். எல்லாருக்கும் முழு மார்க். யாருக்கு என்ன நஷ்டம்?

இந்த மனிதரோ சீலா மீன் குழம்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிபன் பாக்ஸில் தயிர்சாதம் கொண்டு வந்திருந்தார். இவர் எங்கே மார்க் போடப் போகிறார் என்று வராண்டாவில் நின்று நொந்துகொண்டார் டீச்சர்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே கூப்பிட்டார்கள்.

"இந்தப் பையன் பேப்பரைப் பாருங்க டீச்சர்."

பையன் வளன். வகுப்பிலேயே முதல் மாணவன். 'செங்கல் சிவப்பு' என்று எழுத வேண்டிய இடத்தில் 'பச்சை' என்று எழுதியிருந்தான். அவன் கையிலிருந்த சோதனைக் குழாயின் அடியிலோ நல்ல சிவப்பாகத்தான் படிந்திருந்தது.

"ஏலே, என்னத்தல எழுதி வச்சிருக்க?"

"பயத்துல எழுதிட்டேன் மிஸ்." அவன் கண் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களா சார்? நீங்க முறைச்ச முறைப்புல பிள்ளை அரண்டு போயிட்டான். தயவுசெஞ்சு மார்க்கக் குறைச்சுராதீங்க. இவங்க அப்பா கப்பல்ல டெக்குல கயிறு இழுக்காரு. மவனாவது கேப்டனா வரணும்னு குடும்பமே ஜெபம் பண்ணிட்டுக் கிடக்கு."

"கப்பலுக்கா போப்போறான்?" பாண்டியராஜின் முகம் சுண்டிப்போனது.

"ஆமா சார். மரைன் காலேஜ்ல சேரப்போறேன்" என்றான் வளன்.

பாண்டியராஜ் டீச்சரை ஓரமாக அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"மார்க்க விடுங்க டீச்சர், அது பெருசில்ல. ராத்திரி கடல்ல எதுக்க வார கப்பல் எந்தப் பக்கம் போவுதுன்னு, அதுல எரியுத சிவப்பு லைட்டையும் பச்சை லைட்டையும் பாத்துத்தான் கண்டுபிடிக்கணும். இவனுக்கு அந்த ரெண்டு நிறமும் ஒண்ணு போலத் தெரியுதோன்னு எனக்குச் சந்தேகம். அப்படி இருந்தா கப்பல்ல ஆபீசரா எடுக்கவே மாட்டாங்க."

டீச்சருக்குக் கோபம் தலைக்கேறியது.

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா சார்? ரெண்டு வருசமா எங்கிட்ட லேப் செய்தான். ஒரு நிறத்தக்கூடத் தப்பா எழுதுனதில்ல. அப்படி ஒரு குறை இருந்தா எனக்குத் தெரியாமலா போயிருக்கும்?"

பாண்டியராஜ் வாதம் பண்ணவில்லை. வளனின் குழாயை ஒரு கையிலும், பச்சைக் கரைசல் இருந்த குழாயை மறு கையிலும் எடுத்துக்கொண்டு அவனிடம் போனார்.

"தம்பி, மார்க்குக்காகக் கேக்கல. பயப்படாமச் சொல்லு. இதுல சிவப்பு எது, பச்சை எது?"

"சொல்லுல வளன். சார் வாய அடைக்க மாதிரி சொல்லு" என்றார் டீச்சர்.

வளன் குழாய்களைப் பார்க்கவே இல்லை.

வழக்கம்போல டீச்சரின் முகத்தைத்தான் பார்த்தான்.