பீச்சாங்கை

முதல் குத்திலேயே மகாவின் உதடு கிழிந்தது. இரண்டாவது குத்து விலாவில் இறங்க, மூச்சு எங்கோ போய்விட்டுத் திரும்பி வந்தது.

மட்டாஞ்சேரி கடைவீதியில் ஓர் அரிசிக் கிடங்கைக் காலி செய்து குத்துச்சண்டை மேடை போட்டிருந்தார்கள். மாநில அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி. எதிரே நின்றவள் இடப்பள்ளி கிளப்பின் ஸ்நேஹா. ஆள் ஒல்லி, அடி மட்டும் இடி.

தோற்றால் மகா நாளைக்கே இறால் உரிக்கும் ஷெட்டுக்குப் போகவேண்டும். மாநகராட்சியில் குப்பை வண்டி தள்ளும் அவள் அப்பா ராஜன் கறாராகச் சொல்லிவிட்டார். பெண்பிள்ளை மூஞ்சி வீங்கி வீட்டுக்கு வந்ததெல்லாம் போதுமாம்.

அவளுடைய மாஸ்டர் இசக்கிதுரைக்கு இந்த ஸ்நேஹா மேல் என்ன பகையோ, ஒரு மாதமாக அவளாகவே மாறி மகாவை அடித்துத் துவைத்தார். கையுறையால் மூக்கைத் துடைப்பதும், களைத்ததும் இடதுகையைத் தாழ்த்துவதும் அச்சு அசல். மனுஷன் எத்தனை வீடியோ பார்த்தாரோ என்று மகா மலைத்துப்போனாள். அவள் ஒரு குத்தைத் தப்பாக விட்டால் அந்த நொடியே நிறுத்தித் திருத்துவார். எதையும் நாளைக்கு என்று தள்ளிவைக்க மாட்டார்.

"பீச்சாங்கை எறங்குது!" என்று மேடைக்குக் கீழேயிருந்து இப்போது கத்தினார்.

மாஸ்டர் திருநெல்வேலிக்காரர். இடதுகை அவருக்குப் பீச்சாங்கை, வலதுகை சோத்தாங்கை. மகாவுக்கே அவரிடம் வந்த பிறகுதான் அது பழகியது. மலையாளம் பேசும் எதிராளிக்கு ஒன்றும் விளங்காது என்பதில் அவளுக்கு ஒரு தைரியம்.

மகா வலதுகையை வீசினாள். அதற்குள் ஸ்நேஹாவின் இடதுகை மேலேறித் தாடையை மறைத்துவிட்டது. பதிலுக்கு வந்த குத்தில் மகாவின் மூக்கு உடைந்து ரத்தம் வாய்க்குள் இறங்கியது. அவர் மறுபடி கத்தினார், மறுபடி அதே கதை.

மணி அடித்தது. மகா மூலையில் போய் விழுந்தாள்.

"அவளுக்கு மனசிலாவுது மாஸ்டர். நீங்க சொன்ன ஒடனே கை மேல போவுது."

இசக்கிதுரையின் முகம் செத்துப்போனது. அவள் மூக்கில் ஐஸ் பொட்டலத்தை வைத்து அழுத்தினார். பையில் இன்னொரு பொட்டலமும் இருந்தது. காலையிலேயே ரெண்டு வாங்கி வந்திருந்தார்.

"இனி நான் வாயத் தெறக்க மாட்டேன். நீ அடிச்சிட்டு அங்கனயே நிக்கே, அதான் வாங்குத. ஒரு எட்டு பின்னால வா. அவ மூக்கத் தொடச்சா கை எறங்கும். அப்ப சோத்தாங்கையால போடு."

கடைசிச் சுற்றில் ஸ்நேஹா வெறிகொண்டு பாய்ந்தாள். மகாவின் ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டது. கீழே பார்த்தாள். மாஸ்டர் துண்டை வாய்க்குள் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கைவிட்டுவிட்டார் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

அடித்தாள். ஒரு எட்டு பின்னால் வந்தாள். ஸ்நேஹா மூக்கைத் துடைத்தாள்.

இடதுகை இறங்கியது. மகா தன் உடம்பு மொத்தத்தையும் வலதுகையில் ஏற்றித் தாடையில் போட்டாள். எலும்பில் எலும்பு மோதுவது தோள்வரை தெரிந்தது. ஸ்நேஹா பலகையில் சரிந்தாள். நடுவர் பத்து எண்ணி முடித்தும் எழவில்லை.

நடுவர் மகாவின் கையைத் தூக்கினார். ஷெட்டுக்குப் போகவேண்டாம். அந்தச் சந்தோஷத்தோடு அவள் மாஸ்டரைத் தேடினாள்.

அவர் கயிற்றுக்குள் நுழைந்து, அவளைத் தாண்டி ஓடினார். ஸ்நேஹாவின் தலையை மடியில் எடுத்துவைத்து, இரண்டாவது ஐஸ் பொட்டலத்தைத் தாடையில் ஒற்றினார். ஜெயித்தவள் இங்கே நிற்கிறேனே என்று மகாவுக்கு வயிறு எரிந்தது.

ஸ்நேஹா மெல்லக் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள்.

"அப்பா, பீச்சாங்கை மறுபடியும் எறங்கிருச்சு, இல்லே?"